பொத்தான் எந்தப் பக்கம்

சம்பந்தியம்மாள் தரையில் மண்டியிட்டு நீலத் துணியில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். இடது கை துணியை நீவி அழுத்த, வலது கையிலிருந்த சாக்குக்கட்டி தோள்பட்டையிலிருந்து அக்குளுக்கு வளைந்து இறங்கியது. அளவு நாடா கழுத்தில் சும்மா தொங்கியது. பேரப்பிள்ளைகளின் அளவை அவர் கண்ணாலேயே எடுத்துவிடுவார். நாடா மற்றவர்களுக்கு. உதடுகளுக்கு நடுவே குண்டூசிகள் வரிசையாக நின்றன.

"ஊசிய வாயிலேருந்து எடுங்க சம்பந்தி. முழுங்கினா ஆபரேஷன் வரைக்கும் போயிடும். நான் பார்த்திருக்கேன்" என்றேன்.

குண்டூசிகளை ஒவ்வொன்றாகத் துணியில் குத்தி முடித்த பிறகுதான் அவர் வாயைத் திறந்தார். "இத்தனை வருஷம் முழுங்கல. நீங்க பேச்சுக் குடுத்துத்தான் இன்னைக்கு முழுங்க வச்சிருப்பீங்க."

என் மகளை அவர் மகனுக்குக் கொடுத்திருக்கிறோம். சம்பந்தி அவர்களோடு அதே வீட்டில் இருக்கிறார். நான் அடுத்த தெருவில் இருக்கிறேன், மதியச் சாப்பாடு முடிந்ததும் வந்துவிடுவேன். மருத்துவமனையில் உதவியாளராக இருந்து, பிறகு வீடு வீடாகப் போய் படுத்த படுக்கையாகக் கிடந்தவர்களைப் பார்த்துக்கொண்டவள் நான். அதனால் பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் ஊசிப் பாட்டி. அவருக்கு மெஷின் பாட்டி. இதில் சம்பந்திக்குத் தீராத வருத்தம். "ஊசி என்னோடது. நீங்க எப்பவோ நாலு பேருக்குக் குத்தினீங்கன்னு பட்டத்தை உங்களுக்குக் குடுத்துட்டாங்க" என்பார்.

குத்தியது நர்ஸ், நான் இல்லை. அதை யாரும் கேட்பதில்லை.

சம்பந்தி சின்ன வயதிலேயே ஒரு தையல் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். பெண்கள் உடுப்பு மட்டும் தைக்கிற இடம். நீள அறை, சன்னலோரம் மெஷின்கள், நடுவில் வெட்டுகிற மேசை. ஆளுக்கு ஒரு துண்டுதான். ஒருத்தி கை தைப்பாள், ஒருத்தி காலர் தைப்பாள். இவருக்கு முன்பக்கம், அதாவது பொத்தானும், அது நுழைகிற காஜா ஓட்டையும் வருகிற இரண்டு பட்டைகள். மேற்பார்வைக்காரர் ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டாராம், துண்டைச் சொல்லித்தான் கூப்பிடுவாராம். "முன்பக்கம் வந்தாச்சா? காலர் ஏன் இன்னைக்கு வரல? கை ரெண்டும் எங்க போச்சு?" கல்யாணம் பேச வந்தவர்களிடமும் அவர், "முன்பக்கத்தையா கேக்கறீங்க? தங்கமான பொண்ணு" என்று சொல்லிவிட்டாராம். மாப்பிள்ளை வீட்டார் அரை மணி நேரம் குழம்பிப்போனதாக சம்பந்தி சொல்வார். அதில் எவ்வளவு உண்மையோ, சொல்லும்போது அவரே சிரித்து இருமத் தொடங்கிவிடுவார்.

கணவர் சீக்கிரமே போய்விட்டார். மகனை அந்த முன்பக்கங்களை வைத்துத்தான் வளர்த்தார். வேலையை விட்டு நின்றதும் சொந்தமாக ஒரு மெஷின் வாங்கி, வீட்டுக் கூடத்தில் சன்னலடியில் போட்டார். அதிலிருந்து பேரப்பிள்ளைகளுக்குக் கடை உடுப்பு என்பது பள்ளிச்சட்டை ஒன்றுதான். மற்றதெல்லாம் அவர் கை.

பேத்தி பிறந்தபோது சம்பந்தி கொண்டுவந்த சட்டைகளைப் பார்த்து நான் அசந்தேன். எல்லாவற்றிலும் தையல் வெளிப்பக்கம் இருந்தது. பிள்ளை பார்க்க வந்தவள் ஒருத்தி, "சட்டையத் திருப்பிப் போட்டிருக்கீங்களே" என்றாள்.

"உள்ள இருக்கிறது குழந்தை. வெளிய இருக்கிறது நீங்க. யாருக்கு உறுத்தணும்?" என்றார் சம்பந்தி.

இந்த அம்மாளோடு ஒத்துப்போகலாம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தோன்றியது.

பேரனுக்கு இப்போது ஆறு வயது. பிறக்கும்போது தோள் நரம்பு இழுபட்டதில் அவனுக்கு வலது கை சுணங்கிவிட்டது. கையைத் தூக்குவான், மேசையில் ஊன்றுவான், அக்காவை முழங்கையால் இடிப்பான். விரல்கள்தான் சின்னப் பொருளைப் பிடிக்காது. எழுத்து, சாப்பாடு, சண்டை எல்லாம் இடது கை. அதில் குறை ஒன்றுமில்லை.

குறை விளையாட்டு வகுப்பில் வந்தது. அன்றைக்குப் பிள்ளைகள் பள்ளிச்சட்டையைக் கழற்றி பனியன் போட வேண்டும். விளையாடி முடித்ததும் மறுபடி சட்டை. பனியன் போட அவனுக்கு நானே கற்றுக்கொடுத்திருந்தேன். போடும்போது சுணங்கிய கை முதலில் நுழைய வேண்டும், கழற்றும்போது கடைசியில் வர வேண்டும். பக்கவாதம் வந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதுதான், குழந்தைக்கும் அதே கணக்கு. ஆனால் சட்டைப் பொத்தான் அவனுக்கு மசியவில்லை. பள்ளி ஆயா வந்து போட்டுவிடுவார். நல்ல மனுஷிதான். அவர் குனிந்து பொத்தான் போடப்போட, பையன்கள் சுற்றி நின்று "பாப்பா, பாப்பா" என்றார்கள்.

அதிலிருந்து விளையாட்டு வகுப்பு உள்ள நாளில் அவனுக்கு வயிற்றுவலி. நான் வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன், இலவம்பஞ்சு மாதிரி இருந்தது. மூன்று வாரமாக என் மகள் லீவு சொல்லிக்கொண்டிருந்தாள். இப்படியே விட்டால் வயிற்றுவலி மற்ற நாட்களுக்கும் பரவும். நோய் பரவுகிற விதம் எனக்குத் தெரியும்.

"சட்டைதானே பிரச்சனை? சட்டைய நான் பாத்துக்கறேன்" என்றார் சம்பந்தி.

முதலில் என் யோசனைப்படி வெல்க்ரோ வைத்தார். மேலே பொய்யாகப் பொத்தான், அடியில் ஒட்டும் பட்டி. முதியோர் எத்தனையோ பேருக்கு அப்படிச் செய்திருக்கிறோம். பேரன் வீட்டில் போட்டுப் பார்த்தான், இழுத்தான், பர்ரென்று சத்தம் வந்தது. அக்காக்காரி தரையில் விழுந்து சிரித்தாள்.

"இத நான் போட மாட்டேன் பாட்டி. குசு விட்டேன்னு சொல்லுவாங்க" என்றான்.

நியாயம்தான். முதியோர் யாரும் அதைச் சொன்னதில்லை, அவர்களில் பாதிப் பேருக்குக் காது கேட்காது.

அடுத்து டிச் பட்டன். அதை இரண்டு பக்கமும் விரல் வைத்து அழுத்த வேண்டும். நெஞ்சோடு வைத்து ஒரு கையால் அழுத்தினால் எலும்பில் குத்தியது. அதுவும் போயிற்று.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று நான் சொல்லிவிட்டேன்.

"கூடம் நீங்க குடுத்தது சம்பந்தி. வெல்க்ரோ யாரு ஐடியா?" என்றார் அவர்.

கடைசியில் உண்மையான பொத்தானே வைப்பது என்று முடிவானது. பொத்தான் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும், பொத்தானுக்கும் துணிக்கும் நடுவில் நூலை நீளமாக விட்டுத் தையுங்கள், காஜாவைப் படுக்கை வாட்டத்தில் எடுங்கள், வலது பக்கச் சட்டைக்கையை அகலமாக வையுங்கள் என்று நான் சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டே எல்லாவற்றையும் தன் இஷ்டத்துக்கு மாற்றிக்கொண்டார். மறுநாள் விளையாட்டு வகுப்பு. அதனால்தான் அன்று மதியம் தரையில் பள்ளிச்சட்டைக்கான நீலத் துணி. பேத்திக்கும் சட்டை சின்னதாகிவிட்டது, துணியும் மிச்சம் இருந்தது. ஒரே மூச்சில் இரண்டையும் வெட்டினார்.

நான் ஓரத்தில் உட்கார்ந்து காலருக்கு உள்துணி வெட்டிக் கொடுத்தேன். மெஷின் ஓட ஆரம்பித்தால் சம்பந்தி யாரோடும் பேச மாட்டார். கால் மிதிக்கும், கை தள்ளும், கண் ஊசிக்கு ஒரு விரல் முன்னால் போய்க்கொண்டிருக்கும். பிள்ளைகள் பள்ளி விட்டு வருவதற்குள் காஜாவும் முடிந்தது. காஜா மட்டும் கையால்தான் எடுப்பார். மெஷின் காஜா பல்லைக் காட்டும் என்பார்.

பேத்திதான் முதலில் பார்த்தாள். இரண்டு சட்டையையும் கட்டிலில் விரித்து வைத்திருந்தோம்.

"பாட்டி, ரெண்டும் என்னோடதா?"

"சின்னது அவனோடது."

"அதுல பட்டன் பொண்ணுங்க பக்கம் இருக்கு."

சம்பந்தி சட்டையை எடுத்தார். பொத்தான் இடது பட்டையில், காஜா வலது பட்டையில். பையன்கள் சட்டைக்கு இது தலைகீழ். வாழ்நாள் முழுக்கப் பெண்களுக்கே முன்பக்கம் தைத்த கை, பேரனுக்கும் அப்படியே தைத்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கும் தெரியவில்லை. புண் என்றால் பார்த்திருப்பேன்.

சம்பந்தியின் முகம் சுருங்கியது. "முன்பக்கத்துல தப்பு பண்ணிட்டேன். வேற எங்க பண்ணியிருந்தாலும் பரவாயில்ல" என்றார்.

"கண்ணு சரியா தெரியுதா? ஒரு தடவ காட்டிடலாமா?" என்று கேட்டேன்.

"கண்ணு நல்லாத்தான் இருக்கு. கைதான் என்னைக் கேக்காம போயிடுச்சு."

டப்பாவில் பிளேடைத் தேடத் தொடங்கினார். பிரித்து மாற்றுவதும் லேசில்லை. பொத்தானை இடம் மாற்றிவிடலாம், காஜா ஓட்டையை என்ன செய்வது? புதுப்பட்டை வெட்ட வேண்டும். பொழுது சாய்ந்துவிட்டது. "அவசரத்துக்கு அண்டாக்குள்ள கை நுழையாது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

இதற்குள் பேரன் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டான். வலது கை முதலில், நான் சொன்னபடி. பிறகு கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான். வலது மணிக்கட்டால் காஜாப் பட்டையை நெஞ்சோடு அழுத்தினான். அந்தப் பட்டை அந்தக் கைப் பக்கமே இருந்ததால் அது நழுவவில்லை. இடது கை விரல்கள் பொத்தானைப் பிடித்து ஓட்டைக்குள் குத்தின. நழுவியது. மறுபடி குத்தின. பாதி நுழைந்தது. கட்டைவிரலால் ஒரு தள்ளு.

"போயிடுச்சு" என்றான்.

தானாகச் செய்துகொண்டிருப்பவரிடம் அந்த நேரத்தில் பேசக் கூடாது. அடுத்த பொத்தானுக்கு நாக்கைத் துருத்திக்கொண்டு போராடினான். சம்பந்தி பிளேடை வைத்துக்கொண்டு நின்றார். அவர் கை இரண்டு தடவை அவனை நோக்கி நீண்டது. இரண்டு தடவையும் அவர் புடவையைப் பிடித்து இழுத்தேன்.

எல்லாப் பொத்தானும் போட்டு முடித்து எழுந்தான். பிறகு குனிந்து பார்த்துவிட்டு, முகம் வாடினான். "இது பொண்ணுங்க பக்கம்தானே? சிரிப்பாங்கல்ல?"

"உங்க கிளாஸ்ல உன் பக்கத்துல யாரு உக்காருவா?" என்று கேட்டாள் அக்கா.

"குண்டு."

"குண்டுவுக்குப் பட்டன் எந்தப் பக்கம்?"

யோசித்தான். "தெரியாது."

"அவனுக்கும் உன்னோடது தெரியாது, வாத்து. கட்டில்ல விரிச்சு வச்சிருந்ததாலதான் எனக்கே தெரிஞ்சுது."

அவனுக்குச் சமாதானம் ஆகிவிட்டது. சம்பந்திக்குத்தான் ஆகவில்லை. "தப்பாத் தச்ச சட்டைய நான் எப்படி வெளிய அனுப்புவேன்? யாராவது தையல் தெரிஞ்சவ பாத்தா என்ன நினைப்பா?" என்றார். பிளேடு இன்னும் கையில்தான் இருந்தது.

"பாட்டி, பிரிக்காதீங்க" என்றான் பேரன். சட்டையை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். "பிரிச்சா எனக்குப் போட வராது."

சம்பந்தி அவன் முன்னால் உட்கார்ந்தார். மேல் பொத்தானைக் கழற்றினார். தன் வலது கையை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் மட்டும் அதைப் போட்டுப் பார்த்தார். எதிரே உட்கார்ந்ததால் வரவில்லை. எழுந்து போய் தன் மகனின் சட்டை ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டு, அதிலும் இடது கையால் முயன்றார்; பொத்தான் நழுவிக்கொண்டே இருந்தது. பிறகு பேத்தியின் புதுச்சட்டையை மேலே வைத்து முயன்றார். அதில் முதல் தடவையிலேயே பொத்தான் நுழைந்தது.

"வலது கைக்காரனுக்குப் பட்டன் வலது பக்கம்னு எவனோ வச்சிருக்கான். இவன் இடது கைக்காரன்" என்றார். "இதுல தப்பு எங்க இருக்கு?"

"நான் எப்ப தப்புன்னு சொன்னேன்? நீங்கதான் சொன்னீங்க" என்றேன்.

"நீங்க கண்ணக் காட்டலாமான்னு கேட்டீங்க."

பிளேடு டப்பாவுக்குள் போனது. அவன் அன்று சாப்பிடும் வரைக்கும் சட்டையைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தான். ஒரு பொத்தானின் நூல் தளர்ந்துபோய், அவர் அதை இறுக்கிக் கட்ட வேண்டியிருந்தது.

மறுநாள் காலை நான் சீக்கிரமே போய்விட்டேன். வயிற்றுவலி வருமா என்று பார்க்கத்தான். வரவில்லை. அவன் உள்ளே போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டான், யாரும் வரக் கூடாதாம். என் மகள் மணியைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், மணியைப் பார்த்தாள். "லேட் ஆகுதுடா, துரை" என்று சம்பந்தி வெளியிலிருந்து ஒரு குரல் கொடுத்தார், அவ்வளவுதான்.

கதவு திறந்தது. எல்லாப் பொத்தானும் போட்டிருந்தான், ஒரு ஓட்டை தள்ளி. காலரின் ஒரு முனை காதருகில் நின்றது. என் மகள் கையை நீட்டினாள்.

"கைய எடு" என்றார் சம்பந்தி.

"அத்தை, கோணலா இருக்கு."

"இருக்கட்டும். அவன் போட்டது."

பேரன் குனிந்து பார்த்தான். "ஆமா, கோணல்" என்றான். "பனியன் போடறப்ப எப்படியும் கழட்டுவேன். திரும்பப் போடறப்ப சரியாப் போட்டுக்கறேன்." பையை இடது தோளில் மாட்டிக்கொண்டு, அக்காவுக்கு முன்னால் படியிறங்கினான்.

வாசலில் அவர்கள் தலை மறைந்ததும் சம்பந்தி கூடத்துக்குத் திரும்பினார். பீரோவிலிருந்து அவனுக்குக் கடையில் வாங்கிய பள்ளிச்சட்டைகள் இரண்டையும் எடுத்தார். மெஷின் முன்னால் உட்கார்ந்து, முதல் சட்டையின் பொத்தானை அறுத்தார்.

"சும்மா பாத்துக்கிட்டு உக்காராதீங்க சம்பந்தி. அந்த இன்னொண்ண நீங்க பிரிங்க" என்றார். நான் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பிரிக்கத் தொடங்கினேன்.