அவன் சொன்னானா, நீ சொல்றியா?

1. கமர்கட்டு

“மேடம், இந்தப் பொண்ணு என் சப்ஜெக்ட்ல ராக்கெட்டு. உங்க சப்ஜெக்ட்ல புஸ்வாணம். இன்னா பண்றதுன்னு நீங்களே சொல்லுங்க.”

மாக் டெஸ்ட் ரிசல்ட்டை என் மேஜைமேல் போட்டுவிட்டு எங்கள் டைரக்டர் கேட்டது இது. செங்கல்பட்டு ஸ்டேஷனுக்கு நடந்துபோகும் தூரத்தில், ஜவுளிக்கடை மாடியில் எங்கள் கோச்சிங் சென்டர். எம்பிஏ நுழைவுத் தேர்வுக்கு அவர் கணக்கு எடுப்பார், நான் வெர்பல், அதாவது இங்கிலீஷ். மொத்த மார்க் எவ்வளவு ஏறினாலும் வெர்பலில் கட்-ஆஃப் தாண்டாவிட்டால் நல்ல காலேஜ் எதுவும் இன்டர்வியூவுக்குக் கூப்பிடாது. இது தெரிந்தும் பிள்ளைகள் வெர்பலை ஊறுகாய் மாதிரி இலை ஓரத்தில்தான் வைப்பார்கள். போன வருஷம் ரிட்டையர் ஆகும்வரை இந்த வயிற்றெரிச்சலோடுதான் நான் வேலை பார்த்தேன்.

அந்தப் பொண்ணு ஷமீமா, புதுப்பட்டினம். இன்ஜினீயரிங் முடித்து, சிங்கப்பெருமாள்கோவில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் பிளானிங் பார்த்தாள். சனி, ஞாயிறு திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் பிடித்து வகுப்புக்கு வருவாள். ஏற்கெனவே இரண்டு தடவை தேர்வு எழுதி, இரண்டு தடவையும் வெர்பலில் கவிழ்ந்திருந்தாள்.

“எங்கிட்ட வேலை கத்துக்கிட்டவங்க எம்பிஏ முடிச்சிட்டு வந்து எனக்கே மேனேஜரா உக்கார்றாங்க மேடம். இந்த வருஷமும் வரலைன்னா விட்டுடறேன்” என்று சேரும்போதே சொல்லிவிட்டாள்.

அடுத்த டெஸ்டில் அவள் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஆர்.சி. என்று சொல்வோம், நீளமாக ஒரு கட்டுரை கொடுத்து அதிலிருந்து கேள்வி கேட்பார்கள். அதைப் படிக்கும்போது அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு வார்த்தையையும் வாய்க்குள் சொல்லிச் சொல்லித்தான் நகர்ந்தாள். பாதிக் கட்டுரைகளைத் தொடவே நேரம் இல்லை.

“யாருக்கும்மா கதை சொல்லிட்டிருக்க?” என்றேன்.

வெட்கப்பட்டாள். “பழக்கமாயிடுச்சு மேடம். தினம் காலைல அத்தாவுக்கு பேப்பர் படிச்சுக் காட்டுவேன்.”

அத்தா காதர் பாய் புதுப்பட்டினத்தில் பைப், குழாய், பெயிண்ட் விற்கும் ஹார்டுவேர் கடை வைத்திருந்தவர். சர்க்கரை வியாதி பார்வையைக் கொண்டுபோனதும் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வீட்டோடு இருந்தார். மனைவி காலமாகிவிட்டார். வீட்டில் அவரும் ஒரே மகளும்தான்.

“அங்க வாய் விட்டுப் படி. இங்க வாயை மூடிக்கிட்டுப் படி” என்று சொல்லிவிட்டு, கீழே பெட்டிக்கடையில் கமர்கட்டு வாங்கிவரச் செய்து ஒன்றை அவள் கையில் கொடுத்தேன். கமர்கட்டு வாயில் இருந்தால் பல்லும் நாக்கும் ஒட்டிக்கொள்ளும், உதடு எங்கே அசையும்? வகுப்பே சிரித்தது. அடுத்த வாரம் அத்தனை பேரும் “எங்களுக்கு இல்லையா மேடம்?” என்று கை நீட்டினார்கள். தடிமாடுகள்!

2. வேகம் வந்தது, விடை வரவில்லை

கமர்கட்டு வேலை செய்தது. ஒரு மாதத்தில் ஷமீமா எல்லாக் கட்டுரைகளையும் முடித்தாள். ஆனால் தப்பும் கூடிக்கொண்டே போனது. பெண்ணின் முகத்திலும் உயிர் இல்லை.

ஒரு சனிக்கிழமை கமர்கட்டைப் பிரிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள். கேள்வித்தாளில் பொட்டுப் பொட்டாகக் கண்ணீர். வராந்தாவுக்குக் கூட்டிப்போய் என்னவென்று கேட்டேன்.

“அத்தாவுக்குப் படிச்சுக் காட்டறத நிறுத்திட்டேன் மேடம். வீட்ல வாய் விட்டுப் படிச்சா பழையபடி உதடு அசையுமேன்னு. எக்ஸாம் முடியற வரைக்கும்னு சொன்னேன். ‘சரிம்மா’ன்னுட்டாரு. இப்ப காலைல டிவி முன்னால சும்மா உக்காந்திருக்காரு. அதப் பாத்துட்டு பஸ் ஏறினா ஒண்ணும் ஓட மாட்டேங்குது.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “அறிவிருக்கா உனக்கு? அதை உன்ன யாரு நிறுத்தச் சொன்னா?”

“யாரும் சொல்லல. நானாத்தான்.”

திட்டத் திட்டத்தான் அவள் எவ்வளவு பயந்துபோயிருக்கிறாள் என்பது எனக்கு உறைத்தது. கடைசித் தடவை என்று ஒரு பிள்ளை நினைத்துவிட்டால் கையில் இருக்கிற நல்லதையெல்லாம் ஒவ்வொன்றாகத் தூக்கிப் போட்டுவிடும். பாவமாக இருந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு வரச் சொன்னேன்.

3. மீன் வாங்கப் போன சாக்கில்

அடுத்த விடுமுறை நாளில் புதுப்பட்டினம் போனேன். அங்கே மீன் நன்றாக இருக்கும் என்று வீட்டில் சொல்லிக்கொண்டேன். வஞ்சிரமும் வாங்கினேன், பொய் சொல்வானேன்.

காதர் பாய் வாசல் அறையில் உட்கார்ந்திருந்தார். டிவியில் நாலைந்து பேர் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள்.

“வாங்க டீச்சரம்மா. உக்காருங்க. மீன் வாங்கினீங்களா? வாசன சொல்லுது.” சத்தத்தைக் குறைத்தார். “இவ படிக்கட்டும் டீச்சரம்மா, எனக்கு ஒண்ணும் கொற இல்ல. டிவி கீது. இன்னா, எல்லாவனும் கத்திகினே கீறான். எவன் இன்னா சொன்னான்னுதான் ஒரு எழவும் புரியல.”

கைப்பையில் அடுத்த வகுப்புக்கென்று வைத்திருந்த ஒரு கட்டுரை இருந்தது. கடற்கரை அரிப்பைத் தடுக்கப் பாறை கொட்டுவதைப் பற்றியது. ஷமீமாவிடம் கொடுத்தேன். “வாயை மூடிப் படி. முடிச்சதும் இதுல என்ன இருக்குன்னு அத்தாவுக்குத் தமிழ்ல சொல்லு.” திட்டம் எல்லாம் ஒன்றுமில்லை. அந்த மனுஷருக்கு மகள் குரல் கேட்கட்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

படித்தாள். சொன்னாள். “பாறை கொட்டினா அந்த எடம் தப்பிக்குது அத்தா. ஆனா அரிப்பு பக்கத்து ஊருக்குப் போயிடுது. அதனால பாறைங்கள எடுத்துடணும்னு எழுதியிருக்காரு.”

“இரு, இரு. எடுக்கணும்னு அவன் சொன்னானா, நீ சொல்றியா?”

ஷமீமா தாளைத் திருப்பிப் பார்த்தாள். “அது… அப்படித்தானே இருக்கணும் அத்தா? நாமதான் பாக்கறோமே, இங்க கொட்டினா அங்க கரை போவுது.”

“நாம பாக்கறது கெடக்கட்டும். அவன் இன்னா சொன்னான்?”

இன்னொரு தடவை படித்தாள். “எடுக்கணும்னு சொல்லல. கொட்டறதுக்கு முன்னால பக்கத்து ஊரையும் சேத்து யோசிங்கன்னு மட்டும்தான் சொல்றாரு.”

“அப்ப அத சொல்லு” என்று என் பக்கம் திரும்பினார். “கடையில இதே பேஜாருதான் டீச்சரம்மா. ப்ளம்பர் வந்து, வூட்டுக்காரர் முக்கால் இஞ்ச் பைப் கேட்டாருன்னுவான். போன் போட்டா அவரு அரை இஞ்ச்தான் சொன்னேன்னுவாரு. முக்காலு இவன் யோசன. நல்ல யோசனையாவே இருக்கட்டுமே, திரும்பி வர்றது பைப்புதானே?”

‘அவுட்சைட் த பேசேஜ்’, கட்டுரையில் இல்லாதது, என்று இதையே நான் வருஷக்கணக்காக போர்டில் எழுதிக்கொண்டுதான் இருந்தேன். பிள்ளைகள் அழகாக நோட்டில் எழுதிக்கொண்டு, அடுத்த டெஸ்டில் சொந்த யோசனையை டிக் பண்ணுவார்கள். ஷமீமா கடலோரத்துப் பெண். கடலைப் பற்றிக் கட்டுரைக்காரரைவிட அவளுக்குக் கூடவே தெரியும். தெரிந்ததைச் சேர்க்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம்!

அன்றைக்கு அவள் சிரித்தாள். அவரும் டிவியை அணைத்துவிட்டார். நான் மீனை மறந்து வைத்துவிட்டுப் பாதி வழியில் திரும்பி ஓடியது தனிக் கூத்து.

4. காலை டீ

அதிலிருந்து தினமும் காலையில் அத்தா டீ குடித்து முடிப்பதற்குள் மகள் ஒரு கட்டுரையை மௌனமாகப் படித்து அவரிடம் சொல்ல வேண்டும். வாரா வாரம் நான் கட்டுரை கொடுத்து அனுப்புவேன். தேனீ, பழைய காலத்துத் தையல்காரர்கள், நகரத்து மரங்கள் என்று எதுவும் வரும். அவருக்கு எல்லாமே பிடித்தது. மகளிடம் எனக்குத் தாக்கல் வேறு சொல்லி அனுப்ப ஆரம்பித்தார்.

“அத்தா சொல்லச் சொன்னாரு மேடம். அந்த தேனீக்காரரு கடைசி வரைக்கும் ஒரு முடிவுக்கே வரலியாம். இந்த மாதிரி ஆளுங்க கட்டுரைய இனிமே அனுப்பாதீங்கன்னாரு.”

“முடிவுக்கு வராம எழுதறவங்கதான் எக்ஸாம்ல நெறைய வருவாங்கன்னு சொல்லு உங்க அத்தாகிட்ட.”

எழுதியவர் கோபமாகச் சொல்கிறாரா, கிண்டலாகச் சொல்கிறாரா என்றும் அத்தா கேட்பாராம். டோன் கொஸ்டின் என்று நாங்கள் தனியாக ஒரு வகுப்பே எடுப்போம். வகுப்பில் யாராவது கட்டுரையில் இல்லாததை விடையாகச் சொன்னால் போதும், “அவன் சொன்னானா, நீ சொல்றியா?” என்று பின் பெஞ்சிலிருந்து கோரஸ் வரும். டைரக்டரே ஒரு நாள் எட்டிப் பார்த்து, “இன்னா மேடம், பஞ்சாயத்தா?” என்றார். ஷமீமாவின் வெர்பல் மெதுவாக ஏறி, ஒரு மாக்கில் கட்-ஆஃபைத் தாண்டியது. அன்றைக்கு டைரக்டருக்கும் ஒரு கமர்கட்டு கொடுத்தேன்.

5. ஒரு போன்

தேர்வுக்கு முன் வந்த கடைசி மாக்கில் திடீரென்று தடால். ஒரு முழுக் கட்டுரையை ஷமீமா தொடவே இல்லை. கேட்டால், “டைம் பத்தல மேடம்” என்று தரையைப் பார்த்தாள். எனக்குச் சரியாகப் படவில்லை.

மறுநாள் காலை காதர் பாய் போன் செய்தார்.

“டீச்சரம்மா, ஒண்ணு கேக்கணும். இந்த வருஷமும் கஷ்டம், விட்டுடுன்னு நீங்க சொன்னதா ஷமீமா சொல்றா. நீங்க சொன்னீங்களா, அவ சொல்றாளா?”

“நான் சொல்லல பாய். அவளுக்குக் கண்டிப்பா வரும்னுதான் நான் சொன்னேன்.”

“அப்டி சொல்லுங்க” என்றவர், போனைக் காதிலிருந்து எடுக்காமலே மகளைக் கூப்பிட்டார். எனக்கு எல்லாம் கேட்டது.

“இன்னாத்துக்குமா பொய் சொன்ன?”

முதலில் அழுகைதான் வந்தது. “சீட் வந்துட்டா ரெண்டு வருஷம் ஹாஸ்டல் அத்தா. எங்கயோ வடக்க. நீங்க மறுபடியும் அந்த டிவி முன்னாடி உக்காந்திருப்பீங்க. என்னால முடியாது அத்தா. டெஸ்ட்ல வந்த அந்தக் கட்டுரை எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் விட்டேன்.”

அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

“இத்தினி நாளா நீ எனக்கு ஒக்காந்து படிச்சது இங்கியே கெடக்கறதுக்கா கண்ணு? நீ போ. போயி அங்க இன்னா சொல்றாங்கன்னு தெனம் காலைல எனக்கு போன்ல சொல்லு. நாஸ்தா உங்க சித்தப்பா வூட்லேருந்து வந்துடும். கேள்வி கேக்கறதுக்கு எனக்கு கண்ணு எதுக்கு?”

நான் போனை வைத்துவிட்டுச் சமையலறையில் நின்றபடியே அழுதேன். என் வீட்டுக்காரர் பயந்துபோய் யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டார்.

ஷமீமா தேர்வு எழுதினாள். அந்தத் தடவை எல்லாக் கட்டுரைகளையும் தொட்டாள். வெர்பலில் கட்-ஆஃபைத் தாண்டி, இன்டர்வியூவும் முடிந்து, வடக்கே ஒரு நல்ல காலேஜில் இடம் கிடைத்தது.

வெர்பல் சொல்லிக்கொடுக்க வரும் இளசுகளுக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். வேகத்தைக் கமர்கட்டு கொடுத்துக்கூட வரவழைத்துவிடலாம். ஆனால் மௌனமாகப் படித்ததை எதிரில் உட்கார்ந்து கேட்க ஒரு ஆள் வேண்டும், பாதியில் நிறுத்திக் குறுக்குக்கேள்வி போடுகிற ஆளாக. உங்கள் மாணவருக்கு வீட்டில் அப்படி யார் இருக்கிறார்கள் என்று முதல் நாளே விசாரித்துவிடுங்கள்.

போன மாதம் மறுபடியும் புதுப்பட்டினம் போனேன். டிவி மேல் துணி போட்டு மூடியிருந்தது. மகள் தினமும் காலையில் தவறாமல் போன் செய்கிறாளாம், மார்க்கெட்டிங் பாடம் தனக்கும் பாதி வந்துவிட்டதாம். சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பிறகு கொஞ்சம் தயங்கினார்.

“எங்கிட்ட எல்லாம் பாடந்தான் சொல்றா டீச்சரம்மா. மத்தது ஒண்ணும் சொல்றதில்ல.”

முந்தின நாள்தான் அவள் என்னிடம் போனில் பேசியிருந்தாள். “பாய், அங்க லைப்ரரில படிக்கறப்ப ஒவ்வொரு பக்கம் முடிஞ்சதும் உங்க கொரலத் தேடறாளாம். பக்கத்து நாற்காலில யாரையும் உக்கார விடறதில்லையாம்.”

அவர் தலையைச் சாய்த்து என் பக்கம் காதைக் கொடுத்தார்.

“அவ சொன்னாளா, நீங்க சொல்றீங்களா?”

“அவதான் சொன்னா பாய். நான் ஒரு வார்த்தை சேக்கல.”

கையிலிருந்த டீ டம்ளரை, இடம் தடவிப் பார்த்துக் கீழே வைத்தார்.

“இன்னொரு தபா சொல்லுங்க” என்றார்.