கரும்பின் கனம்

சித்தூரிலிருந்து திருப்பதி போகும் சாலையில் ஒரு மாம்பழக்கூழ் ஆலை. அதன் லேபில் தேவயானிக்குப் பதினோரு வருட சர்வீஸ். நகரி பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண், திருப்பதியில் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்தவள். படித்ததை மறக்காமல் வைத்திருந்தது ஒன்றுதான் அவளிடம் இருந்த கெட்ட பழக்கம்.

அந்த வருடம் மழை முந்திக்கொண்டதில் தோத்தாபுரி மாம்பழத்தில் தித்திப்பு இறங்கிவிட்டது. கூழோ வெளிநாட்டுக்குப் போக வேண்டும், அதுவும் 'சர்க்கரை சேர்க்காதது' என்ற பெயரில். முதலாளி சந்திரசேகர் மகா மேதை. இயற்கை செய்த தப்பைத் திருத்த அவருக்கு அரை நிமிடம் போதும். கரும்புச் சர்க்கரை மூட்டைகள் பின்வாசல் வழியாக வந்து இறங்கின. தித்திப்பு அளக்கும் கருவியும் திருப்தி என்று காட்டிவிட்டது. 'சர்க்கரை சேர்க்கவில்லை' என்ற சான்றிதழில் தேவயானி கையெழுத்துப் போடுவது மட்டும்தான் பாக்கி.

"நான் போட மாட்டேன் சார். வாங்குற வெளிநாட்டுக்காரங்க கார்பனைப் பார்த்துக் கண்டுபுடிச்சிடுவாங்க."

"கார்பனா? கூழுல இன்னாம்மா கார்பன்? கரியவா கலந்துக்கினு கீறோம்?"

அவள் பொறுமையாகவே சொன்னாள். எந்தச் சர்க்கரையிலும் கார்பன் உண்டு. கார்பன் அணுக்களில் பெரும்பாலானவற்றின் எடை பன்னிரண்டு. நூற்றில் ஒன்றுக்கு மட்டும் பதின்மூன்று. குணம் அதேதான், உள்ளே ஒரு நியூட்ரான் கூடுதல். ஐசோடோப் என்பது இதுதான். புத்தகத்தில் கார்பனின் அணு எடை 12.011 என்று போட்டிருப்பது இவற்றின் சராசரி. அந்த எடையில் ஓர் அணுகூட உலகத்தில் கிடையாது. மாமரம் காற்றிலிருந்து கார்பனை எடுக்கும்போது பதின்மூன்றைக் கொஞ்சம் ஒதுக்கிவிடும். கரும்பு அவ்வளவு பார்க்காது. ஆகவே கரும்புச் சர்க்கரையின் கார்பன் ஒரு துளி கனம். நாக்குக்குத் தெரியாது, அவர்களுடைய மெஷினுக்குத் தெரியும்.

"நூத்துல ஒண்ணுக்காவ என் கண்டெய்னரை நிறுத்தச் சொல்றியா?" என்றார் முதலாளி.

பி.காம். படித்த அவருடைய மச்சினன் முரளிதரன் அன்று மதியமே விஞ்ஞானியாகி, சான்றிதழில் கையெழுத்தைப் போட்டான். தேவயானியை வாசலில் லாரி எடை போடும் மேடைக்கு மாற்றினார்கள்.

"எடை எடைன்னு சொல்லிக்கினு இருந்தியே, அங்க போய் போட்டுக்கினு இரு" என்றார் முதலாளி. அவருடைய நகைச்சுவைக்குச் சிரிப்பதற்கென்றே அலுவலகத்தில் நாலு பேர் சம்பளம் வாங்குகிறார்கள். அவர்கள் கடமை தவறவில்லை.

லேப் வேலையைத் தேவயானி உயிராக நினைத்திருந்தாள். லாரிப் புழுதியில் நின்றுகொண்டு, யாருக்கும் தெரியாமல் முதல் வாரம் முழுக்க அழுதாள்.

ஆகஸ்டில் சரக்கு திரும்பி வந்தது. கூடவே ஒரு பக்க ரிப்போர்ட்: கூழிலிருக்கும் சர்க்கரையில் கால்வாசி கரும்பிலிருந்து வந்தது. முரளிதரனுக்கு அன்றைக்கென்று பார்த்துக் காய்ச்சல். முதலாளி தேவயானியை அழைத்தார். மன்னிப்புக் கேட்கத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டு போனாள், அந்த வெகுளி.

"நீ சொன்னது கரெக்ட்டும்மா. உக்காரு. நாளையிலிருந்து லேப் உனுக்குத்தான். ஒண்ணே ஒண்ணு சொல்லு. கரும்பு மாட்டிக்கிச்சி. மாம்பழத்தோட கார்பன் மாதிரியே இருக்கிற வேற சர்க்கரை எதுனா கீதா?"

இருந்தது. ஐரோப்பாவில் பீட்ரூட் இனத்து வெள்ளைக் கிழங்கு ஒன்றிலிருந்து சர்க்கரை எடுக்கிறார்கள். அந்தச் செடியும் மாமரத்தைப் போலவே பதின்மூன்றை ஒதுக்கும். இந்தச் சோதனையில் மாட்டாது. தேவயானிக்கு இது நன்றாகத் தெரியும். வாயைத் திறந்து கிழங்கின் பெயரைச் சொன்னால் போதும், லேப் திரும்பக் கிடைத்துவிடும்.

"இல்ல சார். அந்த மாதிரி எதுவுமே கெடையாது" என்றாள்.

"அப்ப லேப் எதுக்கு உனுக்கு? எடை மேடைக்கே போ."

பதினோரு வருடத்தில் அந்த ஆலையில் அவள் சொன்ன முதல் பொய் அது. அவள் சொல்லி முதலாளி மறுபேச்சில்லாமல் நம்பிய முதல் விஷயமும் அதுதான்.