ஆளில்லாத வீடு

கல்லூரியில் கனடா வரலாறு நடத்திய நான் இன்றுவரை கனடாவைப் பார்த்ததில்லை. இரணியலில் இருந்துகொண்டு அந்த நாட்டுக் குளிரைப் பற்றி வாய் கிழியப் பேசியிருக்கிறேன். பிள்ளைகள் வேர்த்து வடிய எழுதிக்கொள்வார்கள். ஓய்வுபெற்ற பிறகும் அந்தப் படிப்பு என்னை விடவில்லை. மகள் குடியிருப்பதும் வின்னிப்பெக் என்றாகிவிட்டதால், அந்த ஊரைச் சுற்றியுள்ள சமவெளியில் வெள்ளையர் குடியேறிய கதையைத்தான் இப்போதும் வாசித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்தக் கதையில் எனக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு. அளக்க வந்தவர்கள் அதைக் காலி நிலம் என்றே எண்ணிப் பங்குபோட்டார்கள். தலைமுறை தலைமுறையாகக் காட்டெருமை வேட்டையாடிப் பிழைத்த ஜனங்கள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். கண்ணெதிரே நிற்கிற மனுஷனை இல்லை என்று சொல்ல என்ன நெஞ்சழுத்தம் வேண்டும்!

இதைப் படித்துக்கொண்டிருந்த ஒரு காலையில்தான் தக்கலையிலிருந்து புரோக்கர் வந்தார். மகளின் ஏற்பாடு. மனைவி போனபின் நான் தனியாக இருப்பது அவளுக்குப் பொறுக்கவில்லை. வீட்டையும் அதைச் சுற்றி மரங்கள் நிற்கிற விளையையும் விற்றுவிட்டு அவளோடு வந்துவிட வேண்டுமாம். விசாகூட வந்துவிட்டது. நான்தான் பிடி கொடுக்காமல் இருந்தேன்.

புரோக்கர் என் கட்டன் சாயாவைக் குடித்துக்கொண்டே யாருக்கோ போன் செய்தார். "நல்ல விளையாக்கும். நாலு அயனி மரம் நிக்கு. ஆளில்லாத வீடு, நாளைக்கே குடிவந்து தாமசிக்கலாம்."

"ஓய்! அப்போ நான் ஆரு, பேயா?" என்று கத்திவிட்டேன்.

"கோவப்படாதீங்க சாரே. மக்கமாரு வெளியில உள்ள வீட்ட நாங்க இப்பிடித்தான் சொல்லுவோம்."

அவர் சொன்னது பொய்யில்லை. பிள்ளைகள் கல்பிலோ கனடாவிலோ இருந்தால், பெற்றவர்கள் உள்ளே சோறு பொங்கித் தின்றுகொண்டிருந்தாலும் எங்கள் பக்கத்துப் புரோக்கர்களுக்கு அது ஆளில்லாத வீடுதான்.

மாலையில் மகள் கூப்பிட்டதும் காட்டெருமை, புரோக்கர் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு வகுப்பே எடுத்தேன். "நானும் அந்த ஜனத்தப் போலத்தான் மக்ளே. இங்க ஒருத்தன் இருக்கது ஆருக்கும் கண்ணுல படல்ல. உனக்குமா?"

சரியான போடு போட்டோம் என்று நினைத்தேன்.

"வீட்ட விக்காண்டாம் அப்பா. அம்மைக்க அடக்கத்துக்கு நான் வந்து சேரல்ல. பிளேன் எறங்கி வாறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சாச்சு. உங்களுக்கும் அப்பிடி ஆயிரப்பிடாதுன்னுதான் கேட்டேன்."

போனில் அவள் அழும்போதெல்லாம் அம்மாவை நினைத்து அழுகிறாள் என்றே இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். என்னை நினைத்துப் பயந்துகொண்டிருந்தது தெரியவில்லை.

"டிக்கெட் எடு மக்ளே," என்றேன்.

"திரும்பிப் போறதுக்கும் சேத்து எடுக்கவா அப்பா?"

"இப்பம் வாறதுக்கு மட்டும் எடு."