நான்கு ஸ்பேஸ் உள்ளே

குலசாமி கோயில் கும்பாபிஷேகத்துக்குப் பங்காளிகள் பட்டியல் வேண்டுமென்று அப்பா தன் பழைய நோட்டைத் தந்தார். நான் சின்னதாக ஒரு புரோகிராம் எழுதினேன். ஒவ்வொரு தலைமுறைக்கும் பெயர் நான்கு ஸ்பேஸ் உள்ளே தள்ளி அச்சாகும். ஒரே நேர்க்கோட்டில் நிற்கும் ஆணும் பெண்ணும் அண்ணன் தங்கை முறை.

ஒரு பெயருக்குக் கீழே மட்டும் வெறுமையாக இருந்தது. என் கொள்ளுத்தாத்தாவின் தம்பி; எங்கள் பூர்வீக ஊரான அரிமளத்திலிருந்து கறம்பக்குடிக்கு வீட்டோடு மாப்பிள்ளையாகப் போனவர்.

எனக்குப் பேசி முடித்த மாப்பிள்ளைக்கும் ஊர் கறம்பக்குடிதான். போனில் சும்மா கேட்டேன்.

"ஒங்க கொள்ளுத்தாத்தா பேரு என்னங்க?"

அதே பெயரைச் சொன்னார். "அவரு அரிமளத்துலேருந்து இங்கிட்டு வீட்டோட மாப்பிள்ளையா வந்தவராம். அந்தப் பொண்ணு வீட்டுச் சாமியத்தான் நாங்க கும்புடுறோம்" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெண் பார்க்க வந்தபோது எங்கள் பெரியவர்கள் கேட்டது ஒரே கேள்வி: குலசாமி எது? சாமி வேறு என்றதும் தட்டை மாற்றிவிட்டார்கள். அத்தனை பேரில் ஒருவருக்காவது மூன்று தலைமுறை மேலே ஏறிக் கேட்கத் தோன்றவில்லை.

அவர் வீட்டுப் பெயர்களையும் சேர்த்துப் புரோகிராமை ஓட்டினேன். என் பெயரும் அவர் பெயரும் ஒரே கோட்டில் வந்து நின்றன.

அவர் வீட்டுப் பெயர்களை அழித்துவிட்டு அச்செடுத்து அப்பாவிடம் கொடுத்தேன். அவர் விரல் ஒவ்வொரு வரியாக இறங்கி, அந்த வெறுமையில் நின்றது.

"இவருக்குக் கீழ ஆளே இல்லாமயா போயிருக்கும்? ஒம் மாமனாரு அந்த ஊருதானே, கேட்டாச் சொல்லிருவாரு."

சொல்லிக்கொண்டே போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். மணி அடிக்கத் தொடங்கியது.