சத்தம் போடாத பிள்ளை

டிப்போவில் அவளுக்கு ‘ஹாரன்’ என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டால் காது கிழியும் என்று எல்லோருக்கும் தெரியும். நகரப் பேருந்து ஓட்டுகிற நாலைந்து பெண்களில் அவள் மூத்தவள். குறுக்கே பாயும் பைக்குக்காரனை ஒதுக்க ஜன்னலைத் திறந்தாலே போதும், அவன் ஓரத்துக்குப் போய்விடுவான்.

கத்தப் பழகியது பிறந்த வீட்டில். தட்டைப் போட்டு உட்காரும் பிள்ளைக் கூட்டத்தில் அவள் கடைக்குட்டி. குரல் கொடுக்காவிட்டால் பாத்திரம் அவள் பக்கம் வருவதற்குள் காலியாகிவிடும். பிறகு, பெண்ணுக்கு எதற்கு ஸ்டியரிங் என்று சிரித்தவர்களோடு மல்லுக்கு நின்று கனரக வாகன உரிமம் வாங்கினாள். அதனால் கோபம் ஒரு குறை என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. அவளைக் கரை சேர்த்ததே அதுதான்.

ஒரே மகள், மூன்றாம் வகுப்பு. தன்னைப் போல் அரை வயிறும் கால் வயிறுமாக அது வளரக் கூடாது என்பதில் அம்மாவுக்கு வெறி. ஓய்வறையில் மற்றவர்கள் வம்பளக்கும்போது இவள் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு குழந்தை வளர்ப்பு பற்றி ஒரு மருத்துவர் பேசுவதைக் கேட்பாள். காலையில் முட்டை, மாலையில் பழம், நேரத்துக்குத் தூக்கம், விளையாட்டு, போனைத் தொடவே கூடாது. அத்தனையும் வீட்டில் சட்டமாயின. பிள்ளைகளிடம் குரலை உயர்த்தாதீர்கள் என்று அதே மருத்துவர் ஆரம்பித்தால் மட்டும் அடுத்த பேச்சுக்குத் தள்ளிவிடுவாள்.

“அதெல்லாம் வேலைவெட்டி இல்லாதவங்களுக்கு” என்பாள் பக்கத்து இருக்கைக்காரியிடம்.

அன்று காலை பள்ளிக்கு நேரமாகிவிட்டது. மகள் முழுக்கைச் சட்டையோடு வாசலில் நின்றாள். “இந்த வெயில்ல எதுக்குடி இது?” என்று கத்திக்கொண்டே பையை எடுத்து அவள் முதுகில் வைத்து, இடது மணிக்கட்டைப் பிடித்துப் பை வாருக்குள் இழுத்தாள்.

பிள்ளையின் முகம் வெளுத்துப்போனது. வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. கண்ணீர் மட்டும் பொலபொலவென்று கொட்டியது.

சட்டைக் கையை மடித்துப் பார்த்தாள். மணிக்கட்டு பன் ரொட்டி போல வீங்கியிருந்தது. நேற்று வந்த வீக்கமல்ல, சில நாள் பழசு. ஓரங்களில் மஞ்சள் பாய்ந்திருந்தது.

அன்றைக்கு ஹாரன் வேலைக்குப் போகவில்லை. மருத்துவமனைக்குப் போகும் வழியெல்லாம் யாரையாவது திட்டினாள். பள்ளியை, விளையாட்டு ஆசிரியரை, ஆட்டோக்காரரை. எந்தப் பயல் தள்ளிவிட்டான் என்று கேட்கக் கேட்க மகள் தலையை ஆட்டினாளே தவிர வாயைத் திறக்கவில்லை.

எக்ஸ்ரேயில் எலும்பு விரிசல். எலும்பு மருத்துவர் ஒரு நடுத்தர வயதுப் பெண், நிறையப் பேரைப் பார்த்துக் களைத்த முகம்.

“நல்ல திடமான குழந்தைதாங்க. சீக்கிரம் கூடிரும்” என்றவர் பிள்ளையின் பக்கம் திரும்பினார். “ஏம்மா, இவ்வளவு வலியை வச்சுக்கிட்டு எப்படி ஸ்கூலுக்குப் போன? அம்மாகிட்ட சொல்லலையா?”

“அம்மா கத்துவாங்க.”

“வலிக்குதுன்னு சொன்னா கத்துவாங்களா?”

“எப்படி விழுந்தேன்னு கேப்பாங்க. அலமாரி மேல போன் இருந்துச்சு. எடுக்க ஸ்டூல் போட்டு ஏறினேன்.” பிள்ளை இன்னும் சன்னமாகச் சொன்னது: “அப்பாகிட்ட சொன்னேன். தைலம் தேச்சு விட்டாரு.”

ஹாரனுக்கு உச்சந்தலையில் தீப்பிடித்தது.

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற கணவன் பதறியடித்து வந்து சேர்ந்தபோது அவள் தாழ்வாரத்திலேயே பிடித்துக்கொண்டாள்.

“உங்களுக்குத் தெரியுமா? தெரிஞ்சுக்கிட்டேதான் எங்கிட்ட மறைச்சீங்களா?”

“சுளுக்குன்னு நெனைச்சேன்…”

“கண்ணாடிக்கார மூளைக்கு எலும்பு தெரியுமா? என் பிள்ளை கை ஒடிஞ்சு கெடக்கு, நீங்க ரெண்டு பேரும் கூட்டு சேர்ந்துக்கிட்டு எனக்கு நாடகம் காட்டுறீங்க!”

வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதிர்ந்து பேசத் தெரியாத அந்த மனிதனுக்கும் அன்று என்னவோ ஆனது.

“ஆமா, மறைச்சேன்! தப்புதான். ஆனா உங்கிட்ட எதைச் சொல்ல முடியுது? தண்ணி கொட்டினா கத்துற, பென்சில் தொலைஞ்சா கத்துற. நீ வர்ற சத்தம் படியில கேட்டதும் அவ புத்தகத்தை எடுத்து வச்சுக்கிட்டு உக்காந்துக்குறா. பாடம் ஒண்ணும் படிக்கல. பயந்து உக்காந்திருக்கா. அது தெரியுமா உனக்கு?”

பதிலுக்குக் கத்த வாயெடுத்தாள். மாவுக்கட்டு போட்ட கையோடு மகள் கதவருகே நின்றிருந்தாள். சுவரோடு சுவராக ஒண்டிக்கொண்டிருந்தாள். ஹாரன் வாயை மூடிக்கொண்டாள். கோபம் ஒரு இம்மிகூடக் குறையவில்லை. யார் மேல் அதை இறக்குவது என்றுதான் தெரியவில்லை.

அவள் ஒன்றும் மறுநாளே சாதுவாகிவிடவில்லை. நாக்கு நுனிவரை வந்ததை முழுங்கி முழுங்கி நெஞ்சு எரிந்தது. முடியாதபோது குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுச் சுவரைத் திட்டினாள். கணவனோடு ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிள்ளைக்குத் தைலம் தேய்த்தே சமாளித்தவனை எப்படி மன்னிப்பது? இத்தனை நாள் தள்ளிவிட்டு வந்த அந்தக் குழந்தை வளர்ப்பு மருத்துவரின் பேச்சையும் கேட்டுப் பார்த்தாள். பத்து வரை எண்ணுங்கள் என்றார். பத்துக்குள் என் கோபம் அடங்குமா என்று அவரையும் திட்டினாள்.

மாவுக்கட்டு பிரிப்பதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மகள் ஒற்றைக் கையால் பாலை எடுத்துப் போகையில் தம்ளர் நழுவியது. அப்போதுதான் துவைத்து மடித்து வைத்திருந்த யூனிஃபார்ம் முழுக்கப் பால்.

“கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? எத்தனை தடவை…”

“கத்தாதே!”

மகள் முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைக்க நின்றாள். “வேணும்னா கொட்டினேன்? ஒரு கைதானே இருக்கு எனக்கு! நீ கேக்கவே மாட்டேங்குற! எப்பப் பாத்தாலும் கத்துற!”

குரல் படியிறங்கித் தெருவரை கேட்டிருக்கும். சமையலறையிலிருந்து கணவன் எட்டிப் பார்த்தான்.

ஹாரனுக்குக் கை பரபரத்தது. தன் அம்மாவாக இருந்தால் இந்நேரம் கன்னம் பழுத்திருக்கும். ஆனாலும் பிள்ளை நகரவில்லை, சுவரைத் தேடவில்லை. அம்மாவை நேருக்கு நேர் முறைத்துக்கொண்டு நின்றது.

“சரி, கேக்குறேன். சொல்லு” என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. “எல்லாத்தையும் சொல்லு.”

மகள் சொன்னாள். கோர்வையில்லாமல், மூக்கை உறிஞ்சிக்கொண்டு, முட்டை பிடிக்காது என்பதிலிருந்து தொடங்கி ரொம்ப நேரம் சொன்னாள். பால் தரையில் காய்ந்துகொண்டிருந்தது. ஹாரன் நாற்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொன்றுக்கும் முகம் சுளித்து, ஒரு இடத்திலும் குறுக்கே பேசாமல் கேட்டாள்.