அன்னம் தண்ணீரிலா, கல்லிலா?

எங்கள் தெருமுனையில் புதிதாக ஒரு கோப்பிக்கடை திறந்திருக்கிறார்கள். எங்கள் நொய்கெல்ன் பகுதியில் ஒன்று திறப்பதும் ஒன்று மூடுவதும் புதினமில்லை, நானும் எட்டிப் பார்ப்பதில்லை. போன கிழமை மழைக்கு ஒதுங்கப்போய் உள்ளே நுழைந்துவிட்டேன். சுவரோரம் நின்ற அலமாரியைக் கண்டதும் கால் அப்படியே நின்றுவிட்டது. ஓக் மரம். மேலிருந்து கீழ்வரை சின்னச் சின்ன இழுப்பறைகள், ஒவ்வொன்றின் முகத்திலும் பெயர்ச்சீட்டுச் செருகப் பித்தளைச் சட்டம். கடைக்காரப் பெடியன் ஒவ்வொன்றுக்குள்ளும் ஒவ்வொரு தேயிலை வகையைப் போட்டு வைத்திருந்தான். "பழைய மருந்துக்கடை அலமாரி, சந்தையில் வாங்கினேன்" என்று ஜேர்மனில் பெருமையாகச் சொன்னான். மருந்துக்கடையாம்! நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் லேசில் மூடமாட்டேன் என்று வீட்டில் ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது.

ஆனால் ஒரு இழுப்பறையை இழுத்து முகர்ந்து பார்த்தேன். மேலே கறுவா மணம். அதற்கடியில், கொஞ்சம் பொறுத்து, பழைய அட்டையின் மணம் வந்தது. பசையும் தூசியும் சிகரெட் புகையும் சேர்ந்த மணம். உங்களுக்கு அது ஒரு மணமாகவே தெரியாது. நான் என் இளமையின் நல்ல பகுதியை அதற்குள் தலையை விட்டுக்கொண்டுதான் கழித்தேன்.

கிழக்கையும் மேற்கையும் பிரித்த சுவர் விழுந்து சில வருடங்களுக்குப் பிறகு, இரசாயனவியலாளர்களின் சங்கம் ஒன்றின் தகவல் அலுவலகத்தில் எனக்கு வேலை கிடைத்தது. ஆவணப் பராமரிப்பில் அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி முடித்திருந்தேன். "கெமிக்கல் இடமோ? வெடிக்காதோ பிள்ளை?" என்று அம்மா கேட்டார். அங்கே வெடிக்கக்கூடியது மேலதிகாரியின் வாய் மட்டும்தான் என்று சொல்லி அவரைச் சமாதானப்படுத்தினேன். அது ஒரு பழைய வீடு. கண்ணாடிக் குழாயும் இல்லை, வெள்ளை அங்கியும் இல்லை. காகிதம்தான். உலகத்தில் எங்கெங்கோ இருந்து ஆய்விதழ்கள் வந்து குவியும். படித்தவர்கள் அவற்றை வாசித்து, எந்தப் பொருளை யார் எப்படிச் செய்தார், அது என்ன செய்யும் என்று நாலு வரியில் சுருக்கித் தருவார்கள். நாங்கள் அதை அட்டையில் ஏற்றி, உரிய இடத்தில் செருகவேண்டும். கேட்கச் சின்ன வேலைதான். ஆனால் ஒரே பொருளுக்கு ஊருக்கு ஒரு பெயர், ஆலைக்கு ஒரு பெயர், புத்தகத்தில் வேறொரு பெயர். எந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தாலும் அவரைச் சரியான அட்டைக்குக் கொண்டுபோய் விடவேண்டும். இதற்காகத்தான் அந்தச் சங்கம் தலைமுறை தலைமுறையாக உட்கார்ந்திருந்தது. அதில் ஒரு மரியாதை இருந்தது, இப்போதும் மனதார அப்படித்தான் நினைக்கிறேன்.

என் மேசைக்கு எதிர்மேசை திருமதி ஹில்லருடையது. கடைகளில் விற்கும் பொருட்கள், அதாவது துப்புரவுத் திரவம், வண்ணம், பசை, பூச்சிமருந்து எல்லாம் அவருடைய பொறுப்பு. ஒல்லியான மனுசி, சிகரெட் கையை விட்டு இறங்காது, தொலைபேசியில் பேசினால் சண்டை பிடிக்கிறாரோ என்று இருக்கும். யார் அழைத்தாலும், பேராசிரியராகவே இருந்தாலும், பதில் சொல்ல முதல் "யாருக்கு? எதற்கு?" என்று கேட்பார். பெரிய மனிதர்களுக்கு அது பிடிக்காது, மேலே முறைப்பாடு போகும், மேலேயிருந்து கீழே ஒரு கடிதம் வரும், அவர் அதை மடித்து ஆடும் மேசைக்காலுக்கு அண்டை கொடுப்பார்.

அவரிடம் ஒரு விசித்திரமான இழுப்பறை இருந்தது. மற்ற அட்டைகள் எல்லாம் பெயரின்படியும் சூத்திரத்தின்படியும் அடுக்கியவை. இதில் இருந்தவை படத்தின்படி அடுக்கியவை. ஆம், தகரத்திலும் போத்தலிலும் ஒட்டியிருக்கும் படம். சிங்கம், கப்பல், வாளியோடு நிற்கும் பெண், மூன்று விதமான சேவல். ஒவ்வொரு படத்துக்கும் கீழே பொருளின் பெயர், செய்தவர் யார், உள்ளே என்ன இருக்கிறது. சனிக்கிழமைகளில் கடைகடையாக ஏறியிறங்கிப் படங்களைப் பார்த்து வருவார். உள்ளே என்ன என்று கேட்டு ஆலைகளுக்குக் கடிதம் போடுவார். பதில் வராவிட்டால் மறுபடி போடுவார். "பெயர் வாசிக்கிறவர்கள் எங்களைக் கூப்பிடமாட்டார்கள். மற்றவர்கள்தான் கூப்பிடுவார்கள்" என்பார். ஒரு கூட்டத்தில் கழுத்துப்பட்டி கட்டிய ஒருவர், அடுத்ததாக ருசியின்படியும் அடுக்குவீர்களா என்று கேட்டுச் சிரிக்க, எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன், புதியவள் அல்லவா! திருமதி ஹில்லர் சிரிக்கவில்லை. "குழந்தைகள் கூப்பிடத் தொடங்கினால் அதையும் செய்வேன்" என்றார்.

அப்போது என் ரீற்றா அக்காவும் அத்தானும் எங்கள் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி இருந்தார்கள். அத்தானின் பெயர் சவிரிமுத்து, மன்னார்க்காரர். கட்டடங்களைக் கழுவும் ஒரு நிறுவனத்தில் வேலை. அந்த வேலைக் கடிதத்தில்தான் குடும்பத்தின் விசா முழுவதும் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த மாதம் அதைப் புதுப்பிக்க வேண்டும், விசா அலுவலகத்தில் டெர்மின், அதாவது போகவேண்டிய நாளும் நேரமும், எடுத்து வைத்திருந்தார்கள்.

ஒரு திங்கட்கிழமை காலை அக்கா அலுவலகத்துக்கு அழைத்தார். அவர் அங்கே அழைப்பதேயில்லை. எடுத்தவுடன் அழுகை.

"அத்தானுக்குக் கை ஏலாதாம். விரலை வெட்டி எறியச் சொல்லிக் கத்துறார்."

ஊர்ச் சண்டையில் செல்லடிக்குள் இரண்டு பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்த மனிதர், கத்துகிறவர் அல்ல. என்ன நடந்தது என்று கேட்டேன். ஞாயிறு பூசை முடிந்து வந்து, குளிக்கும் தொட்டியில் இருந்த கறளைத் தேய்த்துக் கழுவினாராம். கையுறை ஓட்டையாம். அப்போது ஒன்றும் தெரியவில்லை. மாலையில் விரல்நுனி விண்விண் என்று தொடங்கி, விடிய விடிய ஏறியிருக்கிறது. காலையில் போத்தலையும் கொண்டுபோய் டொக்டரிடம் காட்டியிருக்கிறார்கள். அவர் அதில் எழுதியிருந்ததை வாசித்துவிட்டு, "வினாகிரித் துப்புரவுத் திரவம்தானே" என்று ஒரு களிம்பைக் கொடுத்து அனுப்பிவிட்டார். தோலில் லேசான சிவப்பைத் தவிர வேறொன்றும் இல்லையாம்.

எதிரே திருமதி ஹில்லர் சிகரெட்டை அணைத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. ஆனாலும் "யாருக்கு?" என்றார். சொன்னேன். "போத்தலில் எழுதியிருப்பது தெரிந்துவிட்டது. உள்ளே என்ன?" என்றார்.

அதைத் தமிழில் கேட்டேன். வினாகிரிதான் என்றார் அக்கா.

"அக்கா, உண்மையைச் சொல்லு. அதுக்குள்ள என்ன இருந்தது?"

"நீ ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை. வேலையில பாவிக்கிறதைக் கொஞ்சம் ஊத்திக்கொண்டு வந்தவர். வெறும் போத்தல் அதுதான் இருந்தது. எல்லாரும் செய்யிறவைதானே. தெரிஞ்சால் களவெண்டு நிப்பாட்டிப்போடுவாங்கள், பிறகு விசா..."

அத்தானிடம் தொலைபேசியைக் கொடுக்கச் சொன்னேன். வேலையிடத்தில் அவர் ஊற்றி எடுத்த பெரிய பிளாஸ்டிக் கானில் என்ன பெயர் இருந்தது என்று கேட்டால், பெயரை யார் வாசித்தது என்கிறார். வெள்ளைக் கான், அதில் ஒரு அன்னம், அவ்வளவுதான் தெரியும். அன்னம் என்று நான் ஜேர்மனில் சொல்லி முடிக்கமுதல் அந்த இழுப்பறை திறந்துவிட்டது. கொக்கு, சேவல், தாரா, பிறகு அன்னம். அன்னத்தில் இரண்டு அட்டைகள் இருந்தன. ஒன்று சலவைக்குப் போடும் கஞ்சி.

"தண்ணீரில் நிற்கிறதா, கல்லில் நிற்கிறதா? கேள்" என்றார்.

"அத்தான், அன்னம் தண்ணியிலயோ நிக்குது, கல்லிலயோ?"

"எடி பிள்ளை, எனக்கு உயிர் போகுது, நீ அன்னத்தைப் பற்றிக் கேக்கிறியோ!"

"சொல்லுங்கோ அத்தான், சும்மா கேக்கேல்லை."

மூச்சு வாங்கியது. "கல்லில. கல்லுக்கு மேல நிக்குது."

திருமதி ஹில்லர் அட்டையை உருவி என் பக்கம் திருப்பினார். கல் முகப்புகளைக் கழுவும் திரவம், உள்ளே ஐதரோபுளோரிக் அமிலம். அவருடைய கையெழுத்தில் கீழே சில வரிகள். தோலைப் பார்த்து ஏமாறவேண்டாம், வலி பிந்தித்தான் வரும், அது தோலைக் கடந்து எலும்புவரை போகும், கல்சியம் கொடுக்கவேண்டும், தாமதிக்கக்கூடாது. வினாகிரி என்று நம்பிக் களிம்பைப் பூசிக்கொண்டு இன்னொரு நாள் வீட்டில் இருந்திருந்தால்!

"உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ" என்றேன். "அங்க என்னெண்டு சொல்லுறது? எங்க எடுத்தனீங்கள் எண்டு கேப்பாங்களே" என்று அக்கா மறுபடியும் அழ, "விசாவைப் பிறகு பாப்பம், முதல்ல கையைப் பார்!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து அறைக்காரர் எட்டிப் பார்த்தார். நான் மேலங்கியை மாட்டும்போதே திருமதி ஹில்லர் மற்றத் தொலைபேசியில் நச்சுத் தகவல் மையத்தோடு பேசிக்கொண்டிருந்தார், அடுத்து ஆஸ்பத்திரியோடு. அட்டையை இரண்டு தடவை வாசித்தார், மறுமுனையில் இருந்தவரைத் திருப்பிச் சொல்லவைத்தார். "போத்தலின் பெயரைப் பார்க்கவேண்டாம், அது பிழை. உள்ளே இருப்பது இதுதான், எங்கள் சங்கம் பொறுப்பு" என்று அவர் சொன்னது கதவைச் சாத்தும்போது என் காதில் விழுந்தது.

நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது டொக்டர்கள் கல்சியம் ஊசியோடு ஆயத்தமாக இருந்தார்கள். திருமதி ஹில்லர் எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லியிருந்ததால் எங்கே எடுத்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. கை காய்ந்து வரக் கனநாள் எடுத்தது. விரல்கள் மிஞ்சின, சுட்டுவிரல் நகம் மட்டும் இன்றைக்கும் கோணலாகத்தான் வளர்கிறது. விசாவும் கிடைத்தது. அந்தக் கிழமையே அத்தான் கட்டுப்போட்ட கையோடு கூட வேலை செய்பவர்களின் வீடு வீடாகப் போய், வினாகிரிப் போத்தல், சர்பத்துப் போத்தல் என்று ஊற்றி வைத்திருந்ததையெல்லாம் வெளியே எடுக்கவைத்தார்.

மறுநாள் நான் அலுவலகம் போனதும் திருமதி ஹில்லரின் நாட்பதிவைப் பார்த்தேன். கேட்டவர்: ஒரு குடும்பம். காரணம்: ஒரு கை. வேறொன்றும் இல்லை. பேராசிரியர்களைக் கூடக் குடைந்து குடைந்து கேட்கிற மனுசி, அந்தத் திரவம் வீட்டுக்குள் எப்படி வந்தது என்பதை என்னிடம் கேட்கவேயில்லை. அன்றும் இல்லை, பிறகு ஒருநாளும் இல்லை. அக்கா நன்றிக்கு மீன் ரோல்ஸ் பொரித்து அனுப்பினார். அதைக் கையில் எடுத்து, திருப்பிப் பார்த்து, "உள்ளே என்ன?" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

அதன் பிறகு கணினி வந்தது. நல்ல விசயம்தான், நான் அதற்கு எதிரியில்லை. அட்டைகளைத் தட்டச்சு செய்து ஏற்றும் வேலை எனக்கும் இன்னும் சிலருக்கும். பெயருக்கு ஒரு கட்டம், சூத்திரத்துக்கு ஒரு கட்டம், ஆய்விதழுக்கு ஒரு கட்டம். படத்துக்குக் கட்டம் இல்லை. கேட்டுப் பார்த்தோம். கடைப்பொருள் விஞ்ஞானம் அல்ல, அதிலும் அன்னமும் சேவலும் எதற்கு என்று பதில் வந்தது. திருமதி ஹில்லர் ஓய்வுபெறும்வரை அந்த இழுப்பறையை ஒருவரையும் தொடவிடவில்லை. அவர் போன அடுத்த மாதம் முற்றத்தில் பெரிய குப்பைத்தொட்டி ஒன்று வந்து நின்றது, அட்டைகள் எல்லாம் அதற்குள் போயின. இரண்டு வருடம் கழித்து அவரும் போய்விட்டார், நுரையீரல். சவ அடக்கத்துக்கு அத்தானும் வந்து, பின்வரிசையில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

அவர் ஓய்வுபெற்றதிலிருந்தே அவருடைய அழைப்புகளை என் மேசைக்குத் திருப்பிவிட்டிருந்தார்கள். வாளியோடு ஒரு பெண் நிற்கிற போத்தல் என்பார்கள், நீலக் கப்பல் போட்ட தகரம் என்பார்கள். நான் பெயரைக் கேட்பேன். கணினிக்குப் பெயர் வேண்டும். பெயர் தெரியாது என்று தொலைபேசியை வைத்துவிடுவார்கள். அழைப்புகள் குறைந்தன. பொதுமக்களிடம் இப்படியான தகவலுக்குத் தேவை இல்லாமல் போய்விட்டது என்று வருடாந்தக் கூட்டத்தில் அறிக்கை வாசித்து, அந்த இணைப்பையே துண்டிக்கத் தீர்மானித்தார்கள். அந்த அலுவலகமும் இப்போது இல்லை.

துண்டிக்க முதல் வந்த அழைப்புகளில் ஒன்று ஒரு பெண்ணுடையது. எங்களைப் போல எங்கிருந்தோ வந்தவர், உடைந்த ஜேர்மன். பின்னால் குழந்தை ஒன்று வீரிட்டு அழுதது. தகரத்தில் மீன் படம் இருக்கிறது, பச்சை நிற மீன், உள்ளே இருந்ததைப் பிள்ளை குடித்துவிட்டது என்றார். நச்சுத் தகவல் மையத்தின் எண்ணைச் சொன்னேன். "எடுத்தேன், அவர்களும் பெயர்தான் கேட்கிறார்கள், எழுத்து அழிந்துபோயிருக்கிறது, மீன்தான் தெரிகிறது" என்றார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள் என்று கத்தினேன். "ஓடுகிறேன், ஆனால் அங்கே என்னவென்று சொல்ல?" என்றார்.

பச்சை மீன் அட்டை ஒன்று அந்த இழுப்பறையில் இருந்தது. நான் என் கையாலேயே அதைத் தூசி தட்டியிருக்கிறேன். மீன் எனக்கு நன்றாக நினைவிருந்தது. அதற்குக் கீழே என்ன எழுதியிருந்தது என்பதுதான் நினைவில் வரவில்லை.