பெரியநாயகி திறந்த தண்ணிக்கதவு

பெரியநாயகி அக்கா செய்த காரியம் மலாக்காவில் நான்கு பேருக்கு மேல் தெரியாது. அந்த நான்கு பேரில் நானும் ஒருத்தி. ஊருக்கு வெளியே குருபோங்கில் எங்கள் வரிசையில் மூன்றாவது வீடு அவருடைய தங்கை மாரியம்மாவுடையது. அக்கா அங்கேதான் தங்கியிருந்தார். வேலி ஓரமாக நின்று பேசிப் பேசி, ஒரு வருடத்தில் எனக்கு முழுவதையும் சொல்லி முடித்தார். ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை.

பெம்பானுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டார். பத்தொன்பது வயதில் மணியத்தைக் கட்டிக்கொண்டு மலாக்கா ஆற்று வாய்க்கு வந்தார். அங்கே ஆழம் போதாது என்பதால் கப்பல்கள் கடலில் தள்ளி நிற்கும். தொங்கான் என்ற சரக்குப் படகுகள்தான் சரக்கை ஆற்றுக்குள் கொண்டுவரும். மணியத்துக்கு மூட்டை இறக்கும் வேலை. அக்கா மூன்றாம் நம்பர் சரக்குக் கிட்டங்கியில் கிழிந்த சாக்குகளைத் தைப்பார், தரையில் சிந்திய அரிசியையும் சீனியையும் கூட்டி அள்ளுவார். கிட்டங்கிகளுக்குப் பின்னால் தகரக் கூரை லயத்தில் பதினோரு குடும்பங்கள் இருந்தன. அக்காவுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி மணியம் ஒரு சொல் சொன்னதில்லை என்பதை அக்கா என்னிடம் இரண்டு முறை சொல்லியிருக்கிறார்.

அந்த இடம் தாழ்வான மண். அமாவாசை, பௌர்ணமி கழிந்து இரண்டு நாள் வரைக்கும் கடல் பொங்கி ஆற்றில் ஏறும். அப்போது கிட்டங்கிக்கு அடியில் ஓடும் பழைய கால்வாய் வழியாகத் தண்ணீர் உள்ளே வந்துவிடும். அதைத் தடுக்கக் கால்வாயின் வாயில் ஓர் இரும்புக் கதவு இருந்தது. பின்கட்டுக் குழியில் இருந்த கைச்சக்கரத்தைச் சுற்றினால் அது சங்கிலியில் ஏறும், இறங்கும். தண்ணிக்கதவு என்பார்கள். கடல் ஏறுமுன் இறக்க வேண்டும், வற்றியதும் ஏற்றிவிட வேண்டும். ஏற்றாவிட்டால் மழைத்தண்ணீர் வெளியேற வழியில்லாமல் தேங்கி நாறும். இந்தப் பொறுப்பு கூலியாட்களுக்குத் தலைவரான மண்டோர் தம்புசாமியுடையது. லயத்துக்கே அவர்தான் பெரியவர். மணியத்தின் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழராக நின்றவரும் அவரே.

தொண்ணூறுகளில் தொங்கான்கள் குறைந்தன. தொண்ணூற்று நான்கில் மணியத்துக்கு வாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு குழறினாலும் புத்தி தெளிவாக இருந்தது. சன்னலை ஒட்டிக் கட்டிலைப் போட்டு வைத்தார் அக்கா. அங்கிருந்தபடியே ஆற்றில் வரும் படகுகளை மணியம் பெயர் சொல்லி அடையாளம் காட்டுவார்.

தொண்ணூற்றாறில் கோலாலம்பூர் கம்பெனி ஒன்று வந்தது. பழைய துறைமுகம் முழுவதையும் புத்தாக்க வட்டாரமாக மாற்றப்போகிறார்களாம். கிட்டங்கிகளுக்குள் கம்ப்யூட்டர் கம்பெனிகள் வரும், ஆராய்ச்சிக்கூடம் வரும், வெளிநாட்டுக்காரர்கள் வந்து உட்கார்ந்து புதிது புதிதாகக் கண்டுபிடிப்பார்கள் என்று பெரிய பலகையில் படம் வரைந்து நட்டார்கள். படத்தில் லயம் இருந்த இடத்தில் புல்தரையும் ஒரு நீரூற்றும் இருந்தன.

ஒருநாள் தம்புசாமி மலாய் மொழியில் அடித்த ஒரு பத்திரத்தை, சூராட் என்பார்கள், எடுத்துக்கொண்டு வீடு வீடாக வந்தார்.

"குருபோங்ல எல்லாருக்கும் வீடு குடுக்கிறாங்க. பேரு பதிஞ்சாத்தான் கிடைக்கும். இது அந்த சூராட்தான்லா."

"என்ன எழுதியிருக்குண்ணே?" என்று அக்கா கேட்டார்.

"நான் படிச்சுட்டேன் தங்கச்சி. உனக்குக் கெடுதல் வர்ற மாதிரி நான் கொண்டுவருவேனா?"

வீடு மணியத்தின் பெயரில் இருந்தது. மணியத்தின் செத்துப்போன வலது கையைத் தம்புசாமியே தூக்கி, பெருவிரலை மையில் அழுத்தி, காகிதத்தில் பதித்தார். மணியம் இடது கையால் அவருக்குக் கும்பிடு போட்டார்.

அந்தக் காகிதத்தில் இருந்தது வேறு. நாங்கள் விருப்பப்பட்டே வெளியேறுகிறோம், இனி எந்த உரிமையும் கோரமாட்டோம் என்று இருந்தது. இது பின்னால்தான் தெரிந்தது.

மாதக் கடைசிவரை தவணை என்றார்கள். அதற்கு ஒன்பது நாள் முன்பே, அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை, இடிக்கிற இயந்திரம் வந்துவிட்டது. அக்கா மருந்து வாங்கப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். தம்புசாமி நான்கு ஆட்களை விட்டு மணியத்தைக் கட்டிலோடு தூக்கிச் சாலை ஓரத்தில் வைக்கச் சொன்னார். பத்து மணியிலிருந்து ஒன்றரை மணிவரை மணியம் அங்கே கிடந்தார். வெயில், பிறகு மழை. பஸ்ஸில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அக்கா வந்து சேர்ந்தபோது மணியம் தன் மலத்திலேயே நனைந்து கிடந்தார். கூரை இருந்த இடத்தில் தகரம் குவிந்திருந்தது. தம்புசாமி கொஞ்சம் தள்ளி, கம்பெனிக்காரருக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றார். அக்காவைப் பார்த்தார். பிறகு பார்க்காதவர்போலத் திரும்பிக்கொண்டார்.

குருபோங்கில் லயத்துக்காரர் யாருக்கும் வீடு கிடைக்கவில்லை. மாரியம்மா வீட்டு முன்னறையில் மணியத்தைக் கிடத்தினார்கள். அன்றிலிருந்து அவர் வாய் திறக்கவில்லை. கஞ்சியை ஊட்டினால் பல்லைக் கடித்துக்கொள்வார். நாற்பத்தொன்றாம் நாள் போய்ச் சேர்ந்தார். காரியத்துக்குத் தம்புசாமி மாலை வாங்கிக்கொண்டு வந்தார். அக்கா அந்த மாலையை அவர் கையிலிருந்து வாங்கி மணியத்தின் படத்துக்குப் போட்டார். மாரியம்மாவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"அவன் கையால எப்படிக்கா வாங்கின?"

"இப்ப சண்ட போட்டா அதோட முடிஞ்சிரும். எனக்கு முடியக்கூடாது."

ஐந்து மாதம் கழித்து மூன்றாம் நம்பர் கிட்டங்கியைக் கண்காட்சிக் கூடமாக மாற்றினார்கள். துப்புரவு வேலைக்குப் பெண்கள் தேவை என்று கேள்விப்பட்டு அக்கா நேராகப் போனார். தம்புசாமிக்கு அங்கே இப்போது கழுத்துப்பட்டை, மேசை, தொலைபேசி எல்லாம் இருந்தன. அக்காவைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டார்.

"பழசையெல்லாம் மனசுல வச்சுக்காம வந்தியே தங்கச்சி. அது போதும் எனக்கு. நான் கம்பெனி பொஸ்கிட்ட சொல்றேன்."

"உங்களத் தவிர எனக்கு யாருண்ணே இருக்கா," என்றார் அக்கா. இதை என்னிடம் சொன்னபோது அவர் உதட்டில் ஒரு சிரிப்பு இருந்தது. நல்ல சிரிப்பு இல்லை.

வேலைக்குச் சேர்ந்தபோது அவரிடம் எந்தத் திட்டமும் கிடையாது. கூட இருந்தால் ஒரு வழி தெரியும் என்ற எண்ணம் மட்டும்தான். உடன் வேலை செய்தவர் ஜானகி, இரண்டு பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு கஷ்டப்பட்டவர். இருவரும் தரை துடைத்தார்கள், கண்ணாடி துடைத்தார்கள், தரையில் அட்டையால் செய்து வைத்திருந்த மினியேச்சர் துறைமுகத்தின் மேல் படியும் தூசியைத் தூரிகையால் தட்டினார்கள். பழைய சிமெண்டுத் தரையை மூடி நீலக் கம்பளம் விரித்திருந்தார்கள். தரையில் கால்வாய்க்கு மேல் இருந்த இரும்புச் சல்லடைகள்கூடக் கம்பளத்துக்கு அடியில் போய்விட்டன. பின்கட்டுதான் துடைப்பம் வைக்கும் அறை. அங்கே குழியின்மேல் ஒரு பலகை கிடந்தது.

முதல் அமாவாசை வந்தது. காலையில் தம்புசாமி துடைப்ப அறைக்கு வந்து, அக்காவை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார். சங்கிலி உரசும் சத்தம் கேட்டது. மத்தியானம் மறுபடி வந்தார், மறுபடி அதே சத்தம். பௌர்ணமிக்கும் அப்படியே. கம்பெனிக்குத் தண்ணிக்கதவைப் பற்றித் தெரியாது என்பது அக்காவுக்குப் புரிந்தது. சுவருக்குச் சாயம் பூசிய சமயத்தில் ஒரு பொறியாளர் முழங்கால் உயரத்தில் கறையைப் பார்த்துவிட்டு, இங்கே தண்ணீர் ஏறுமா என்று தம்புசாமியிடம் கேட்டதை ஜானகி தன் காதால் கேட்டிருந்தார். முப்பது வருஷம் இங்கேயே இருக்கிறேன், ஒரு சொட்டு ஏறியதில்லை என்று சொல்லித் தம்புசாமி அறிக்கையிலும் கையெழுத்துப் போட்டாராம். உண்மையைச் சொன்னால் தரையை உயர்த்த வேண்டும், ஒரு வருடம் தள்ளிப்போகும். கூடத்தைச் சீக்கிரம் திறந்தால் அவருக்கு நிர்வாகி பதவி தருவதாகப் பேச்சு.

அக்கா தினக்காலண்டரைப் பார்க்க ஆரம்பித்தார்.

தொண்ணூற்றேழில் பணத்தின் மதிப்பு சரிந்தது. செப்டம்பரில் சுமத்ராக் காட்டுத்தீயின் புகை ஊரை மூடிக்கொண்டது. கம்பெனிக்கு அவசரம். வெளிநாட்டு முதலீட்டாளர்களை அழைத்துத் திறப்பு விழாவை நடத்திவிட வேண்டும். தீபாவளி கழித்து மூன்றாம் நாள் சனிக்கிழமை என்று தேதி குறித்தார்கள். காலை பத்து மணிக்கு விழா. அக்கா காலண்டரைப் பார்த்தார். அமாவாசை முடிந்து கடல் நன்றாக ஏறுகிற நாள் அது.

அன்று ஏழு மணிக்கே தம்புசாமி கோட்டு அணிந்து வந்து தண்ணிக்கதவை இறக்கிவிட்டுப் போனார். எட்டே முக்காலுக்கு அக்கா துடைப்ப அறைக்குள் போய்ப் பலகையைத் தூக்கினார். வெளியே ஆறு ஏறித் தண்ணீர் கதவை அழுத்திக்கொண்டிருந்தது. சக்கரம் அசையவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, சுவரில் கால் வைத்து, உடம்பின் பாரம் முழுவதையும் கொடுத்தார். சக்கரம் ஒரு பல் நகர்ந்தது. பிறகு இன்னொன்று. மூட்டைகளோடு வாழ்ந்த கைகள் அவை. முழுக்க ஏற்றிவிட்டுச் சங்கிலியைக் கொக்கியில் மாட்டினார்.

தாழ்வாரத்தில்தான் மின்சாரப் பெட்டி இருந்தது. அக்கா அதன் அருகில் ஒரு வாளியோடு போய் நின்றுகொண்டார். கூடத்துத் தரையெல்லாம் வயர்கள் ஓடின.

"எனக்கு யாரும் சாகக்கூடாது. அவன் முக்கியமா சாகக்கூடாது. உசுரோட உக்காந்து பார்க்கணும்," என்றார் என்னிடம்.

பத்தேகாலுக்குக் கம்பெனித் தலைவர் பேசத் தொடங்கினார். தம்புசாமி முன்வரிசையில் இருந்தார். கூடத்தின் நடுவில் கம்பளம் வயிறுபோல மெல்ல உப்பியது. ஒரு வெளிநாட்டுப் பெண் காலைத் தூக்கிக்கொண்டு குனிந்து பார்த்தார். கம்பளத்தின் ஓரத்திலிருந்து கறுப்புத் தண்ணீர் கசிந்து வந்ததும் அக்கா மின்சாரப் பெட்டியின் பெரிய விசையைக் கீழே இழுத்தார். விளக்கும் ஒலிபெருக்கியும் ஒன்றாக நின்றன. தலைவர் வாய் அசைய, சத்தம் இல்லை. கதவுகளைத் திறந்தார்கள். அந்த வெளிச்சத்தில் எல்லோருக்கும் தெரிந்தது. மேசைகளுக்குக் கீழே தரையில் வைத்திருந்த கம்ப்யூட்டர்கள் அத்தனையும் சேற்றுத் தண்ணீரில் நின்றன. மினியேச்சர் துறைமுகத்தின் அட்டைக் கட்டடங்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்து மிதந்தன. விருந்தினர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போனார்கள்.

தம்புசாமி பின்கட்டுக்கு ஓடிவந்தார். குழியை எட்டிப் பார்த்தார். கொக்கியில் மாட்டியிருந்த சங்கிலியைப் பார்த்தார். அக்கா முழங்கால் தண்ணீரில் வாசலை மறித்து நின்றார்.

"யாரு ஏத்தினா?"

"நான்தான்."

முப்பது வருடத்தில் முதல்முறையாக அக்கா அவரை அண்ணே என்று அழைக்கவில்லை.

"பைத்தியமா உனக்கு? போலீஸ்ல சொல்வேன்."

"சொல்லு. என்னன்னு சொல்லுவ? தண்ணி ஏறாத எடத்துல தண்ணிக்கதவு எதுக்குன்னு கேப்பாங்க. மாசம் ரெண்டு தடவ நீ எதுக்கு எறக்கி ஏத்தினன்னு கேப்பாங்க. போ, போய்ச் சொல்லு."

அவர் அக்காவைத் தாண்டி வெளியே போகப் பார்த்தார். அக்கா நகரவில்லை.

"என் புருஷன் மூணரை மணி நேரம் ரோட்ல கெடந்தாரு. நீ கொட புடிச்சுக்கிட்டு நின்ன. இப்ப நீ நில்லு, நான் பார்க்கிறேன்."

கோட்டு நனைய அவர் நின்றதைத் தான் ஆற அமரப் பார்த்ததாக அக்கா சொன்னார். பிறகு வாளியை எடுத்துக்கொண்டு, மற்றவர்களோடு சேர்ந்து தண்ணீர் இறைக்கப் போனார்.

விசாரணை வந்தது. பொறியாளர் அறிக்கையை எடுத்து நீட்டினார். தம்புசாமி தமக்கு எதுவும் தெரியாது என்று சாதித்துப் பார்த்தார், ஆனால் இரண்டாம் நாள் குழியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் அவர் அன்று கதவை இறக்க மறந்துவிட்டார் என்பதுதான். அக்காமேல் பழி போட்டால் இனி யாரும் நம்பமாட்டார்கள் என்று அவர் அதையே ஒப்புக்கொண்டார். வேலை அன்றே போயிற்று. அடுத்த வருடம் கம்பெனியும் பொருளாதாரத்தைக் காரணம் காட்டிவிட்டு இடத்தைப் பூட்டிக்கொண்டு போய்விட்டது. வெள்ளத்தால் போனதா, பண நெருக்கடியால் போனதா என்று நான் கேட்டேன்.

"எதால போனா என்ன?" என்றார் அக்கா.

ஆனால் அதே பூட்டால் ஜானகிக்கும் வேலை போனது. மூத்த பெண்ணைப் பள்ளியிலிருந்து நிறுத்த வேண்டி வந்தது. அக்கா அவரிடம் நடந்ததை மறைக்கவில்லை. ஜானகி கேட்டுவிட்டு, "என் பிள்ளைங்கள நெனச்சியாக்கா?" என்று மட்டும் கேட்டார். நினைக்கவில்லை என்று அக்கா சொன்னார். அதன்பின் ஒரு வருடத்துக்கு மேல் ஜானகி அவரோடு பேசவில்லை. குருபோங் தொழிற்சாலை ஒன்றின் கென்டீனில் வேலை கிடைத்ததும் அக்கா முதல் காரியமாக ஜானகிக்கும் அங்கே ஓர் இடம் கேட்டு வாங்கினார். ஜானகி வந்து சேர்ந்தார். வேலை விஷயம் மட்டும் பேசிக்கொள்வார்கள்.

தொண்ணூற்றொன்பதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்புசாமி எங்கள் வரிசைக்கு வந்தார். ஆள் பாதியாகியிருந்தார். வேலியருகே நான் இருந்தேன், ஆனால் என்னைப் பார்க்கும் நிலையில் அவர் இல்லை. எங்கே வேலை கேட்டாலும் பழைய கதை முன்னால் போய் நிற்கிறதாம். பழைய பொறியாளரிடம் போய், கதவை ஏற்றியது தான்தான் என்று அக்கா ஒரு வார்த்தை சொன்னால் போதுமாம்.

"சொல்றேன்," என்றார் அக்கா. தம்புசாமி முகத்தில் வெளிச்சம் வந்தது. "லயத்துப் பதினோரு குடும்பத்தையும் கோயில்ல கூட்டு. அந்த சூராட்ல என்ன எழுதியிருந்துச்சு, அது உனக்கு எப்பத் தெரியும்னு அவங்க முன்னால சொல்லு. அடுத்த நாளே நான் போய்ச் சொல்றேன்."

தம்புசாமி வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். சொல்வார் என்றுதான் நான் நினைத்தேன். அவர் திரும்பிப் பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார்.

அவர் பஸ் ஏறுகிறவரை அக்கா வாசலிலேயே நின்றார். மனசு ஆறிவிட்டதா என்று கேட்டேன்.

"அன்னைக்கே ஆறிடுச்சு," என்றார். "ஆனா அவன் சும்மா இருந்திருக்கலாம். என் வாசலுக்கே திரும்ப வந்து கெஞ்சினான் பாரு, அதான் எனக்கு ரொம்பப் புடிச்சிருந்துச்சு."